டிரெய்லர் விளக்குக்கு நான் சொன்ன சாட்சி

விளக்கு எரிந்தது என்று நான் சொன்னால் எரிந்தது என்றுதான் அர்த்தம். எனக்குக் கண் நன்றாகத் தெரியும், பொய் சொல்லும் பழக்கமும் இல்லை. இதை ஒரு போலீஸ் ஸ்டேஷனில், ஒரு ரைஸ் மில் வாசலில், செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் என்று மூன்று இடத்தில் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒருவரும் நம்பவில்லை. வயதாகிவிட்டது, பேரன் பேத்தி எடுத்துவிட்டேன், ஆனாலும் அந்த நாட்களை நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. வயதினால் வரும் முன்கோபம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். நினைத்துக்கொள்ளட்டும்.

எழுபதுகளின் கடைசி அது. படப்பையிலிருந்து ஒரகடம் போகிற ரோட்டை ஒட்டி ஒரு ரைஸ் மில் இருந்தது. இப்போது அந்த இடத்தில் ஏதோ ஒரு கம்பெனியின் காம்பவுண்டுச் சுவர் நீளமாக ஓடுகிறது, அதற்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. என் வீட்டுக்காரர் அந்த மில்லில் டிரைவர். மில்லுக்குப் பின்னால் இருந்த ஓட்டு வீட்டில் குடியிருந்தோம். முதலாளி வீடு முன்னால், ரோட்டைப் பார்த்து.

வண்டி ஒரு பழைய பிக்கப். மிலிட்டரியில் கழித்துவிட்ட ஜீப்பை யாரோ வாங்கி, பின்பக்கத்தை வெட்டித் தொட்டி வைத்து, முதலாளி தலையில் கட்டியிருந்தார்கள். அதில் ஏற்றுகிற மூட்டை போதவில்லை என்று இரண்டு சக்கரத்தில் ஒரு டிரெய்லர் செய்து பின்னால் மாட்டினார் முதலாளி. பிக்கப்பின் பின்புறம் ஒரு கொக்கி. டிரெய்லரின் மூக்கில் ஒரு இரும்பு வளையம். வளையத்தைக் கொக்கியில் மாட்டி, மேலே தாழ்ப்பாளைப் போட்டு, பக்கத்தில் இருக்கும் பிளக்கைச் சொருகினால் வண்டி தயார். டிரெய்லரின் பின்னால் இடதும் வலதும் ஒவ்வொரு சிவப்பு விளக்கு. அந்த இரண்டு விளக்கைப் பற்றித்தான் இத்தனை பேச்சும்.

பெரும்பாலும் பொழுது சாயும் நேரத்தில்தான் தாம்பரத்துக்கு அரிசி போகும். மூட்டை ஏற்றி, தார்ப்பாய் கட்டி முடித்ததும் என் வீட்டுக்காரர் முன்னால் ஏறி உட்கார்ந்து சுவிட்சைப் போடுவார். அங்கிருந்தே தலையைத் திருப்பாமல் ஒரு சத்தம்.

"எரியுதாடீ?"

நான் அடுப்படியில் எந்த வேலையில் இருந்தாலும் போட்டுவிட்டு ஓடி வந்து டிரெய்லருக்குப் பின்னால் நிற்பேன். மாவுக் கையோடு நின்றிருக்கிறேன், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். பார்ப்பேன். இரண்டும் எரியும்.

"எரியுது. ரெண்டும் எரியுது."

இதைச் சொன்ன பிறகுதான் வண்டியை எடுப்பார். நான் சொல்லாமல் அவர் ஒரு நாளும் மில் கேட்டைத் தாண்டியதில்லை. நான் சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போய்விடுவேன். வண்டி சத்தம் ரோட்டில் ஏறும்போது நான் அடுப்படியில் இருப்பேன்.

அன்றைக்கும் கேட்டார். அன்றைக்கும் ஓடி வந்தேன், பார்த்தேன், சொன்னேன்.

அவர் திரும்பி வந்தது மறுநாள் காலையில், பஸ்ஸில். முகம் வெளுத்திருந்தது. படப்பை ஏரிக்கரை மேட்டில் வண்டி முக்கி முக்கி ஏறிக்கொண்டிருந்தபோது, பின்னால் மொபெட்டில் வந்த ஒரு பையன் டிரெய்லரில் வந்து மோதியிருக்கிறான். பிள்ளைப்பாக்கத்துப் பையன். பல்லாவரம் பக்கம் ஒரு கம்பெனியில் நைட் ஷிஃப்ட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவன். உயிருக்கு ஒன்றுமில்லை, கால் எலும்பு இரண்டாக உடைந்துவிட்டது. இவரே தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். அங்கே அந்தப் பையன் போலீஸிடம் சொன்ன முதல் வார்த்தை, டிரெய்லரில் விளக்கே இல்லை என்பது.

ஸ்டேஷனில் இவர் லைசன்ஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து வண்டியைப் பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். அதைப் பொறுத்துத்தான் லைசன்ஸ் திரும்ப வருவதும் வராததும். வண்டியில் கோளாறு என்றால் அது முதலாளி பாடு. வண்டி சரியாக இருக்கிறது என்றால், சுவிட்சைப் போடாமல் ஓட்டினான் என்று ஆகும். லைசன்ஸ் போய்விடும். அதை விட்டால் இவருக்கு வேறு எந்த வேலையும் தெரியாது.

நான் ஸ்டேஷனுக்குப் போனேன். வர வேண்டாம் என்று இவர் கெஞ்சினார். போய், மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவரிடம், "வண்டி கெளம்பும்போது நான்தாங்க பின்னாடி நின்னு பாத்தேன். ரெண்டு லைட்டும் எரிஞ்சிது" என்றேன். அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார்.

"புருஷனுக்குப் பொண்டாட்டி சாட்சியா? போம்மா. போயி வூட்டு வேலையப் பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு திருட்டுக் கேஸ்காரன்கூடச் சிரித்தான். என் வீட்டுக்காரர் என் முந்தானையைப் பிடித்து இழுக்காத குறையாக வெளியே கூட்டி வந்தார். வழியெல்லாம் நான் திட்டிக்கொண்டே வந்தேன். யாரைத் திட்டினேன் என்று கேட்டால், சிரித்த ஒருவரையும் விடவில்லை.

முதலாளி ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒயரிங்காரரை வரவழைத்தார். அந்த டிரெய்லருக்கு முதன்முதலில் ஒயர் இழுத்தவரும் அவர்தான். பல்பைக் கழற்றிப் பார்த்தார், ஹோல்டரைச் சுரண்டினார், ஒயரை ஜாயின்ட் ஜாயின்டாகத் தடவிப் பார்த்தார், பிளக்கைப் பிடுங்கிச் சொருகினார். ஸ்டேஷனிலிருந்து முதலாளி வேறு ஆளை வைத்துப் பகலில் ஓட்டி வரச் செய்த வண்டி மில் முற்றத்தில் நின்றிருந்தது. இவர் ஏறிச் சுவிட்சைப் போட்டார். இரண்டு விளக்கும் ஜம்மென்று எரிந்தன. ஒயரிங்காரர் டிரெய்லரைப் பிடித்து உலுக்கினார், அப்போதும் எரிந்தன.

"வண்டில ஒரு கொறையும் இல்லீங்க மொதலாளி" என்று சொல்லிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்.

இதற்கு மேல் என்ன வேண்டும்? மில்லில் நெல் காய வைக்கிற பெண்கள்வரை முடிவு கட்டிவிட்டார்கள். டிரைவர் லைட் போடவில்லை, அவன் பெண்டாட்டி அவனுக்காகப் பொய் சொல்கிறாள். களத்தில் நான் நடந்தால் பேச்சு நின்றது. நான் தாண்டியதும் மறுபடி ஆரம்பித்தது.

முதலாளி கெட்டவர் இல்லை என்று ஊரில் சொல்வார்கள். எனக்கு அந்த மாதிரி கெட்டவர் இல்லாதவர்களைக் கண்டாலே எரிச்சல். அன்று சாயங்காலம் இவரைக் கூப்பிட்டு, என் காதில் கேட்கும்படியே சொன்னார்:

"சுவிட்ச்ச போட மறந்துட்டேன்னு ஒத்துக்கோ. ஆளு உயிரோட கீறான், பெரிய கேஸு ஒண்ணும் ஆவாது. லைசன்ஸ் போனா போவுது, மில்லுல மூட்ட தூக்கிகினு இரு. நான் உன்ன வுட்டுட மாட்டேன்."

இவர் தலையை ஆட்டினார். என் வீட்டுக்காரரின் தலை அப்படி ஆடுவதற்கென்றே கழுத்தில் வைத்திருப்பது. முதலாளி எதிரில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறவர். ஆனால் வண்டி விஷயத்தில் மட்டும் அப்படி ஒரு சுத்தம். மறந்தேன் என்று அவர் ஒத்துக்கொண்டால், ஒரு பையனின் காலை அலட்சியத்தால் உடைத்தவன் என்ற பெயரோடு சாகிறவரை மூட்டை தூக்க வேண்டும். அதை நினைத்தபோதுதான் எனக்கு அடக்க முடியாத கோபம் வந்தது. மறுநாள் காலையில் குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, செங்கல்பட்டுக்கு பஸ் ஏறினேன்.

அந்தப் பையனோடு சண்டை போடத்தான் போனேன். இதை மறைக்க மாட்டேன். மொபெட்டைக் கண்மண் தெரியாமல் ஓட்டி வந்து மோதிவிட்டு, விளக்கு இல்லை என்று வாய் கூசாமல் சொல்கிறாயே என்று நாலு பேர் எதிரில் கேட்க வேண்டும். ஆஸ்பத்திரிக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்று வழியில் ரொட்டி மட்டும் வாங்கிக்கொண்டேன்.

கால் முழுக்க மாவுக்கட்டு. அதைக் கட்டி மேலே தொங்கவிட்டிருந்தார்கள். பக்கத்தில் அவன் அம்மா விசிறிக்கொண்டிருந்தாள். நான் யார், விளக்கு எரிந்ததை எப்படிப் பார்த்தேன் என்று சொன்னதும் அந்த அம்மாள் எழுந்து என்னை அடிக்கத்தான் வந்தாள். பையன்தான் தடுத்தான். அவனுக்கு இருபது வயதுகூட இருக்காது.

"ஒங்க வூட்டுக்காருதான்க்கா என்ன தூக்கிகினு வந்தாரு. அவுரு மேல எனக்கு கோவம் இல்ல. ஆனா லைட்டு இல்லக்கா. சத்தியமா இல்ல. எதுத்தாப்புல பஸ்ஸு வந்துச்சி, கண்ணு கூசிச்சி. பஸ்ஸு போனதும் பாத்தா எதுக்க கருப்பா கீது, அவ்ளோதான். ஒரு பொட்டு செகப்பு தெரிஞ்சிருந்தா நான் வண்டிய ஒடிச்சி திருப்பியிருப்பேன்."

அவன் முகத்தையே பார்த்தேன். ஒருவன் பொய் சொல்கிறானா என்று கண்டுபிடிக்க எனக்கு ஸ்டேஷன் மேசை தேவையில்லை. அவன் பொய் சொல்லவில்லை. என் வார்த்தையை எவனும் நம்பாதபோது எனக்கு எப்படி இருந்ததோ, அதே தவிப்பு அவன் முகத்தில் இருந்தது. ரொட்டியை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

பஸ்ஸில் வரும்போது கோபத்தை யார் மேல் வைப்பது என்று தெரியவில்லை. எரிந்தது, நான் பார்த்தேன். எரியவில்லை, அவன் பார்த்தான். இரண்டும் உண்மை என்றால் நடுவில் எங்கேயோ அணைந்திருக்கிறது. நான் பார்த்தது நிற்கிற வண்டி. அவன் பார்த்தது மேடு ஏறுகிற வண்டி. ஒயரிங்காரர் பார்த்ததும் நிற்கிற வண்டிதான். ஓடுகிற வண்டியை ஒருவரும் பார்க்கவில்லை.

வந்த வேகத்தில் இவரை எழுப்பினேன். லைசன்ஸ் இல்லாமல் ரோட்டுக்குப் போக முடியாது, மில்லுக்குப் பின்னால் களத்திலேயே வண்டியை எடுக்கச் சொன்னேன். டிரெய்லரில் அன்றைக்குப் போல மூட்டை அடுக்கியே இருந்தது. பொழுது இறங்கிக்கொண்டிருந்தது.

"எரியுதாடீ?"

"எரியுது. நீ ஓட்டு, நான் பின்னாலயே வரேன்."

வண்டி நகர்ந்தது. அது நகர்ந்த அந்த இழுப்பிலேயே இரண்டு விளக்கும் ஒன்றாக அணைந்தன. நான் கத்தினேன். அவர் நிறுத்தினார். நின்றதும் இரண்டும் எரிந்தன. மறுபடி ஓட்டச் சொன்னேன், மறுபடி அணைந்தன. இவர் இறங்கி வந்து பார்த்தால் எரிந்துகொண்டிருக்கிறது. என்னை ஒரு மாதிரி பார்த்தார். கட்டிய புருஷனே நம்பாத பார்வை அது. எனக்கு வந்த ஆத்திரத்தில் களத்து ஓரத்தில் கிடந்த பெரிய கல் இரண்டை உருட்டி வந்து டிரெய்லர் சக்கரங்களுக்கு முன்னால் போட்டேன்.

"இப்ப கியர போட்டு இழு. நகராது. இழுத்துகினே எட்டிப் பாரு."

இழுத்துப் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். பின்னால் இருட்டு. பாவம், அவர் வாய் பிளந்தது எனக்கு அந்த நேரத்திலும் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

பிறகு அவரே சொன்னார். விளக்குக்குக் கரன்ட் பிளக் வழியாக ஒரே ஒயரில் போகிறது. அது திரும்பி வர வேறு ஒயர் கிடையாது. டிரெய்லரின் இரும்பு வழியாக வந்து, வளையத்தில் இறங்கி, கொக்கி வழியாக பிக்கப்புக்குப் போக வேண்டும். அதற்கு எர்த் என்று பெயர். டிரெய்லர் செய்தபோது எர்த்துக்குத் தனியாக இன்னொரு ஒயர் இழுக்கட்டுமா என்று ஒயரிங்காரர் கேட்டாராம். இரும்போடு இரும்பு சேர்ந்துதானே இருக்கிறது, எதற்கு வீணாக என்று முதலாளி சொல்லிவிட்டாராம். அப்படியென்றால் இழுக்கும்போது கொக்கியில்தான் ஏதோ விட்டுப்போகிறது.

நான் அடுப்படிக்கு ஓடி தோசைத் திருப்பியை எடுத்து வந்தேன். அவர் வண்டியை இழுத்துப் பிடிக்க, நான் குனிந்து திருப்பியின் ஒரு முனையைக் கொக்கியிலும் மறு முனையை வளையத்திலும் வைத்து அழுத்தினேன். சிவப்பாகக் களம் முழுக்க வெளிச்சம் விழுந்தது. எடுத்தேன், போயிற்று. வைத்தேன், வந்தது.

அப்போதுதான் கொக்கிக்குள் இருந்த ரப்பரைப் பார்த்தேன். பழைய டயரிலிருந்து வெட்டிய துண்டு. கொக்கியின் வளைவுக்குள் கச்சிதமாக மடக்கி, கம்பி போட்டுக் கட்டியிருந்தது. வண்டி நிற்கும்போது டிரெய்லரின் பாரத்தில் வளையம் கீழே இறங்கி, ரப்பர் இல்லாத இடத்தில் இரும்பில் உட்காரும். விளக்கு எரியும். பிக்கப் இழுத்தால் வளையம் எழும்பி ரப்பர் மேல் போய் இறுகிக்கொள்ளும். ரப்பரில் கரன்ட் போகாது. மேடு ஏறும்போது கேட்கவே வேண்டாம்.

"இத யாரு வெச்சது?"

அவர் குனிந்து கம்பி முடிச்சைத் தடவினார். அவர் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை, எனக்கே தெரியும். முதலாளி மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். பச்சைக் குழந்தை. டிரெய்லர் கேட்டைத் தாண்டும்போதெல்லாம் வளையம் கொக்கியில் அடித்து லொடக் லொடக்கென்று சத்தம் கேட்கும், குழந்தை திடுக்கிட்டு அழும். அந்தச் சத்தம் இனிமேல் தன் காதில் விழக் கூடாது என்று முதலாளி சொன்னார். நம் பக்கத்து டிரைவர்கள் எந்தச் சத்தத்துக்கும் செய்கிற வைத்தியம் ஒன்றுதான், டயர் துண்டு. கதவு ஆடினால் டயர் துண்டு, பேனட் அதிர்ந்தால் டயர் துண்டு. இவரும் வைத்தார். சத்தம் நின்றது. முதலாளி இவர் முதுகில் தட்டிக்கொடுத்ததை நானே பார்த்தேன். அது நடந்து ஒரு வாரம் இருக்கும், அவ்வளவுதான்.

இவரை அங்கேயே விட்டுவிட்டு நேராக முதலாளி வீட்டு வாசலுக்குப் போய் நின்றேன். முழுவதையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"சரிம்மா. ஆளு கொறையா இல்ல வண்டி கொறையான்னு பிரேக் இன்ஸ்பெக்டரு வந்து பாத்துக்குவாரு. நீ இத வெளிய பேசிகினு திரியாத."

"நீங்களே அவுருகிட்ட சொல்லிடுங்க மொதலாளி."

"நான் சொல்றேன், நீ போ."

நான் நம்பி வந்தேன். என் வார்த்தையை ஒருவரும் நம்பாத ஊரில் நான் மட்டும் எல்லோர் வார்த்தையையும் நம்பினேன்.

பிரேக் இன்ஸ்பெக்டர் வருவதாகச் சொன்ன நாள். காலையில் அடுப்புப் பற்ற வைக்கக் குனிந்தேன். ஈர விறகு பற்றிக்கொள்ள டயர் துண்டு கொஞ்சம் வெட்டி வைத்திருப்போம், அது எல்லா வீட்டிலும் உண்டு. அந்தக் குவியலில் வளைந்த ஒரு துண்டு கிடந்தது. அதில் கம்பி இன்னும் சுற்றியிருந்தது. ஒரு பக்கம் வளையம் அழுத்திய பள்ளம்.

இவரைப் பார்த்தேன். இவர் சுவரைப் பார்த்தார்.

"மொதலாளி எடுக்க சொன்னாரு. எடுத்துட்டேன்."

"எடுத்துட்டு எரிக்க போட்டியா? நான் எரிக்கணுமா? என் கையாலயே?"

"அவுரு சோத்த துன்னுகினு அவுருக்கு எதுரா பேச சொல்றியா?"

"யோவ், ஒழைச்சி துன்றோம்யா. சும்மா போடல அவுரு. அந்த புள்ள கால ஒடிச்சிகினு கெடக்குது, நீ பொய் சொல்ற, நான் பொய் சொல்றேன்னு ஊரே சொல்லுது. மாதா படத்துக்கு எதுத்தாப்புல நின்னு சொல்லு, நீ சுவிட்ச்ச மறந்தியா?"

அவர் அழுதுவிட்டார். எனக்கு இரக்கம் வரவில்லை. அன்றைக்கு எனக்கு ஒருவர் மேலும் இரக்கம் வரவில்லை. துண்டை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். அன்று அடுப்பை வெறும் ஓலை வைத்துத்தான் பற்ற வைத்தேன்.

பிரேக் இன்ஸ்பெக்டர் வருவதற்குப் பொழுது சாய்ந்துவிட்டது. ஒல்லியான மனிதர், அதிகம் பேசாதவர். முற்றத்தில் வண்டி நின்றது. முதலாளி நாற்காலி போடச் சொன்னார், இளநீர் வெட்டச் சொன்னார். இவர் வண்டியில் ஏறிச் சுவிட்சைப் போட்டார். இரண்டு விளக்கும் எரிந்தன. இன்ஸ்பெக்டர் குனிந்து பிளக்கைத் தொட்டுப் பார்த்தார். நிமிர்ந்து, "நல்லாத்தானே இருக்கு" என்றார்.

"அதாங்க. டிரைவர் மறந்துட்டான். அவனே ஒத்துக்கறான்" என்றார் முதலாளி.

மில் ஆட்கள் எல்லோரும் சுற்றி நின்றிருந்தார்கள். நான் அவர்களை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன். முதலாளி, "இந்தாம்மா, ஒனக்கு இங்க இன்னா வேல?" என்றார். கொக்கியின் தாழ்ப்பாளைத் தூக்கினேன். வளையத்தைத் தூக்க என்னால் ஆகவில்லை. மூட்டை தூக்குகிற இருவரை, "சும்மா நின்னு வேடிக்க பாக்காம கை குடுங்க" என்று அதட்டினேன். என் குரலுக்குப் பயந்தார்களோ என்னவோ, தூக்கினார்கள். இடுப்பிலிருந்து ரப்பரை எடுத்து அது இருந்த இடத்திலேயே மடக்கி வைத்தேன். கம்பியின் மடிப்புகூட அதே இடத்தில் உட்கார்ந்தது. ரப்பரின் ஓரத்தை ஒட்டி, கொக்கி உள்ளே அது உரசிய கறுப்பு அச்சு வெளியே தெரிந்தது. இன்ஸ்பெக்டர் குனிந்து அதை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"மோதுன அன்னிக்கி இது இங்கதான் இருந்துச்சி சார். கொழந்த தூங்கறதுக்கு சத்தம் வரக் கூடாதுன்னு மொதலாளி சொல்லி வெச்சது. நேத்து அவுரே எடுக்க சொன்னாரு. நின்னா எரியும், இழுத்தா எரியாது. ஓட்டிப் பாருங்க. நான் பாத்து சொன்னா நம்ப மாட்டீங்க. நம்பற ஆளா பாத்து பின்னால நிக்க வெச்சிக்கோங்க."

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார். வளையத்தை மறுபடி கொக்கியில் மாட்டச் சொன்னார். பிறகு டிரைவர் ஸீட்டுக்குப் பக்கத்தில் போய் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"சார், நீங்க பின்னாடி நடந்து வாங்க. விளக்க பாத்து சொல்லுங்க. நான் இங்கேருந்து சுவிட்ச்ச பாத்துக்கறேன்" என்றார் முதலாளியிடம்.

முதலாளி எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நான் தினமும் நின்ற இடத்தில் போய் நின்றார். வண்டி மெதுவாக மில் கேட்டை ஒட்டிய மேட்டில் ஏறியது. இழுப்பு விழுந்ததும் இரண்டு சிவப்பும் போயின. மில் ஆட்கள் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். முதலாளி இருட்டான டிரெய்லருக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தார், வாயைத் திறக்கவில்லை.

முன்னால் இருந்த என் வீட்டுக்காரருக்குப் பின்னால் வருவது யார் என்பது பதற்றத்தில் மறந்துபோயிருக்க வேண்டும். தலையைத் திருப்பாமல், தினமும் கேட்கிற அதே குரலில் சத்தம் போட்டார்.

"எரியுதாடீ?"

ஒருவரும் சிரிக்கவில்லை. மறுபடி கேட்டார், இன்னும் உரக்க.

"எரியல" என்றார் முதலாளி.

லைசன்ஸ் திரும்பி வந்தது. டிரெய்லருக்கு எர்த் ஒயர் இழுக்கும்வரை ரோட்டில் ஏறக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார் இன்ஸ்பெக்டர். மில் வேலை போய்விட்டது, அது எங்களுக்கு முன்பே தெரியும். மண்ணூர்ப் பக்கம் ஒரு செங்கல் சூளையில் டிரெய்லர் வண்டி ஓட்ட ஆள் தேடினார்கள், அங்கே போனோம். போகும் முன் அந்தப் பையனைப் போய்ப் பார்த்தேன், நடந்ததைச் சொன்னேன். அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் எழுதியதை என் வீட்டுக்காரர் எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டினார். வண்டி ஓடும்போது பின்விளக்குகள் எரியவில்லை என்பதை உரிமையாளரே நேரில் பார்த்து உறுதி செய்தார் என்று இருந்தது. நான் வேறு எங்காவது இருக்கிறேனா என்று மறுபடி படிக்கச் சொன்னேன். மறுபடி படித்தார். இல்லை.

சூளையில் முதல் நாள் லோடு ஏற்றியதும் அவர் முன்னால் ஏறி உட்கார்ந்தார். சுவிட்சைப் போட்டார். தலையைத் திருப்பாமல் கேட்டார். இரண்டும் நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தன.

"நீ வண்டிய எடு" என்றேன். "ரோடு ஏறுற வரைக்கும் பின்னால நடந்து வந்துட்டு அப்பறம் சொல்றேன்."